மாவுக்கட்டை வெட்டியது தவறா?

கேள்வி: என் 8 வயது மகன் திண்ணையிலிருந்து குதித்ததில் இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. மயக்கம் கொடுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். அன்று ராத்திரி வலியில் துடித்தான். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை இரண்டு தடவை கொடுத்தும் அடங்கவில்லை. 1 மணிக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் அவன் நடுவிரலை மெல்ல நீட்டிப் பார்த்தார், அலறிவிட்டான். உடனே டாக்டர் வந்து கட்டை நீளவாக்கில் வெட்டி விரித்து, மேலே துணி சுற்றினார். அரை மணியில் தூங்கிவிட்டான். இன்று 12-ஆம் நாள். 8-ஆம் நாள் எக்ஸ்ரே நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் மாமியார், “ஒரு ராத்திரி பொறுக்காமல் கட்டை வெட்ட வைத்தாய், இனி கை கோணல்தான்” என்கிறார், புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்கிறார். பிளேட் வைக்காவிட்டால் ஊனம் என்று இணையத்தில் படித்தேன். அரிப்பு, பத்தியம், கால்சியம் மாத்திரை பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை அம்மா. அந்த ராத்திரி விடியட்டும் என்று காத்திருந்தால் உங்கள் மகன் கையை இழந்திருக்கக்கூடும். இதை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

எலும்பு முறிந்த கை முதல் இரண்டு நாள் வீங்கும். முன்கைத் தசைகளைச் சுற்றி, கொஞ்சமும் நெகிழாத உறை ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. அதற்கு மேல் மாவுக்கட்டும் இறுகிவிட்டால் வீக்கம் வெளியே போக வழியில்லை, உள்ளே அழுத்தம் ஏறும். அது 30 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டும்போதே தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கத் தொடங்கும். பெரிய தமனியில் ஓடும் ரத்தத்தின் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மணிக்கட்டில் நாடி துடிக்கும், விரல் நுனி சிவப்பாகவே இருக்கும், தசை மட்டும் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். “நாடி நன்றாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் கிடந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி அந்த நர்ஸ் விரலை நீட்டியதுதான். அடிபட்ட தசை விரலை மடக்கும் தசை. விரலை நாம் நீட்டினால் அது இழுபடும், ரத்தம் கிடைக்காத தசை இழுபட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். மருந்து கொடுத்தும் கூடிக்கொண்டே போகும் வலி, விரலை நீட்டினால் அலறல், இவை இரண்டும் சேர்ந்தால் அது அவசரம். மரத்துப்போவதும் விரல் வெளுப்பதும் பின்னால் வருபவை. அதுவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சின்னக் குழந்தைக்கு இதைச் சொல்லத் தெரியாது. சமாதானமே ஆகாமல் அழும், திரும்பத் திரும்ப வலி மருந்து கேட்கும். அந்த நர்ஸுக்கு இது தெரிந்திருந்தது. நாடியை மட்டும் தொட்டுவிட்டு அவர் போயிருந்தால்?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன், இறுக்கிக் கட்டிய கட்டால் தசை செத்துச் சுருங்கும் என்று 1881-லேயே எழுதிவைத்தார். அந்த ஊனம் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நான் பயிற்சியில் இருந்தபோது 6 வயதுப் பெண் குழந்தையை முறிவு நடந்து நாலு மாதம் கழித்துக் கொண்டுவந்தார்கள். எங்கோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் அழுதிருக்கிறாள், நாலாம் நாள் அழுகை நின்றதும் குணமாகிவிட்டது என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நேராக, அழகாகக் கூடியிருந்தது. விரல்கள் மட்டும் கொக்கிபோல் மடங்கிக் கிடந்தன. மணிக்கட்டைக் கீழே மடக்கினால்தான் அவை கொஞ்சமாவது நிமிர்ந்தன. பென்சில் பிடிக்க முடியாத அந்தக் கையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நகர்ந்த எலும்பை மறுபடி நேராக்கலாம். செத்த தசையை யாராலும் எழுப்ப முடியாது. அதனால்தான் சந்தேகம் வந்தால் மாவையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டிவிடுகிறோம். ரத்தத்தில் ஊறிக் காய்ந்த பஞ்சும் மாவைப் போலவே இறுக்கும்.

இனி கோணல் விஷயம். வெட்டிய கட்டும் துணி சுற்றிய பிறகு எலும்பைத் தாங்கும். எலும்பு நகரவே நகராது என்று சொல்ல மாட்டேன், முழுக் கட்டுக்குள்ளும் நகரலாம். முதல் இரண்டு மூன்று வாரம் வாரம் ஒரு எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான். 8-ஆம் நாள் படம் சரியாக இருப்பது நல்ல செய்தி. இந்த வாரப் படத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நகர்ந்திருந்தால் எலும்பு இறுகுமுன் திருத்தலாம். 8 வயதில் 10 டிகிரி வரை வளைவு இருந்தாலும் வளர வளரத் தானே நிமிர்ந்துவிடும். முறுக்கிக்கொண்டு கூடினால் அப்படி நிமிராது, உங்கள் டாக்டர் அதையும்தான் படத்தில் தேடுவார். கட்டுப் பிரித்ததும் முறிந்த இடம் முண்டாகத் தடிப்பட்டால் கோணல் என்று வீட்டில் யாராவது சொல்லப்போகிறார்கள். அது புது எலும்பு, மாதங்கள் போகப்போகக் கரையும்.

இணையத்தில் நீங்கள் படித்தது பெரியவர்களின் முன்கை. வளர்ந்தவர்களுக்கு இந்த முறிவில் பெரும்பாலும் பிளேட் வைக்கிறோம். குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கட்டே போதும். வயதைக்கூடச் சொல்லாமல் பயமுறுத்தும் அந்த வீடியோக்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள்.

நேராக உட்கார்ந்திருக்கும் எலும்பின் கட்டைப் பிரித்து வேறு எங்கேயும் போய்க் கட்டாதீர்கள், எவ்வளவு பேர் பெற்ற ஊராக இருந்தாலும் சரி. பிரிக்கும்போதே நகர்ந்துவிடும். புதிதாக இறுக்கிக் கட்டினால் அந்த ராத்திரியின் ஆபத்து முதலிலிருந்து தொடங்கும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த மருந்துக்கடை மாத்திரைக்குத்தான். பெரியவர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது ஒருபுறம். அது கொஞ்சம் பலமான மாத்திரையாக இருந்து அவனை அரைமயக்கத்தில் தூங்கவைத்திருந்தால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியே இருக்க மாட்டீர்கள். டாக்டர் எழுதிய மருந்தை எழுதிய அளவில் கொடுங்கள். அதற்கு அடங்காத வலிக்கு இன்னொரு மாத்திரை தேடாதீர்கள், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அரிப்பு எல்லோருக்கும் வரும். ஈர்க்குச்சி, ஸ்கேல், எண்ணெய், பவுடர் எதுவும் உள்ளே போகக்கூடாது. சீழ் நாற்றம் அடித்தாலோ, ஒரே இடத்தில் எரிச்சல் விடாமல் இருந்தாலோ காட்டுங்கள். பத்தியம் வேண்டாம், பூசணிக்காயும் கத்தரிக்காயும் எலும்பை ஒன்றும் செய்யாது. ஆட்டுக்கால் சூப் பிடித்தால் குடிக்கட்டும். பாலும் கேழ்வரகுக் களியும் முட்டையும் சாப்பிடும் பையனுக்குக் கால்சியம் மாத்திரை அவசியமில்லை. விரல்களை மட்டும் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டுப் புது மாவுக்கட்டு போட்டாலும் போடுவார்கள். போட்டால், முதல் இரண்டு நாள் கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலாக வைத்திருங்கள். முதல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடுவிரலை மெல்ல நீட்டிப் பாருங்கள். சிணுங்கினால் பரவாயில்லை. அலறினால் கையை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிவைத்து, யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் போன தடவை போலவே கிளம்பிவிடுங்கள்.