ஒரே சாப்பாடுதான், அப்பாவுக்கு வயிறு, அம்மாவுக்குத் தொடை: ஏன்?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஆனால் அப்பாவுக்கு வயிறும் அம்மாவுக்குத் தொடையும் பெருத்துவிடுகின்றனவே, ஏன் என்று.

கொழுப்பு இரண்டு வழியில் சேரும். இருக்கிற செல்லே ஊதிப் பெரிதாகலாம், அல்லது முன்னோடி செல்கள் பெருகி, முதிர்ந்து புதுக் கொழுப்பு செல்களாகலாம். 2010-இல் வந்த ஓர் ஆய்வில் 28 பேருக்கு 8 வாரம் கூடுதலாக உணவு கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த செல்கள் பருத்தன. தொடையிலோ புதுச் செல்கள் உருவாயின.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. முன்னோடி செல்களை உடலிலிருந்து எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும் அவை பிறந்த இடத்தை மறப்பதில்லை. சீரகச் சம்பாவை மன்னார்குடியில் விதைத்தாலும் திருவையாற்றில் விதைத்தாலும் சீரகச் சம்பாதானே, அப்படி. வயிற்றுத் தோலடிச் செல்கள் நன்றாகப் பெருகிக் கொழுப்பை நிரப்பிக்கொள்கின்றன; குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பிலிருந்து எடுத்தவை மந்தம். உடலில் எது எந்த இடம் என்று கருவிலேயே குறிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் இடத்துக்கு இடம் வேறு விதமாக இயங்குவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் ஹார்மோன். பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொழுப்பைத் தொடைப் பக்கம் ஒதுக்குகிறது; மாதவிடாய் நின்று அது குறைந்தபின் அம்மாவுக்கும் வயிற்றில் கொழுப்பு சேரலாம்.

கவலைப்பட வேண்டியது குடலைச் சுற்றிய கொழுப்புக்குத்தான். அதை ஊகிக்க வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். அப்பாவுக்கு வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், அது தொந்திக்குக் கீழே இறங்கியிருக்கும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே தையல் டேப்பை வையுங்கள். இந்தியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள்.