பாப்பாத்தியம்மா கோயிலை யார் தொடங்கினார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) பிரதிஷ்டைப் பண்டிகை மலர் போடுகிறார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் பற்றி இரண்டு பக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு. ‘பாளையங்கோட்டைச் சபையை நிறுவியவர் சுவார்ச்சு ஐயர்’ (ஜெர்மானியப் போதகர்) என்று ஆரம்பித்திருந்தேன். மலர்க்குழுவிலுள்ள பெரியவர் ஒருவர், “நாங்கள் அதைப் பாப்பாத்தியம்மா கோயில் என்றுதானே சொல்வோம், ஐயர் கோயில் என்று யாரும் சொன்னதில்லையே” என்றார். அந்த அம்மாளை உடன்கட்டையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி தூக்கிக்கொண்டு வந்ததையும் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் விஷயத்தில் பெரியவர் பக்கம்தான் நான். இரண்டாவதில் இல்லை.

பாப்பாத்தியம்மா என்று ஊர் அழைத்த குளோரிந்தா, தஞ்சாவூரில் வாழ்ந்த மராத்தியப் பிராமணக் குடும்பத்து விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடமிருந்தே வேதமும் ஆங்கிலமும் அறிந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ச்சு மறுத்துவிட்டார். முறையான திருமணம் இல்லை என்பது காரணம். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல் சுவார்ச்சு பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அது கிடைத்தது. இவ்வளவுதான் உறுதி. சிதையும் அதிலிருந்து தூக்கிவந்ததும் கதை சொல்பவர்களுக்குப் பிடித்தவை. மலரில் போட்டால் வாசகர்கள் அதை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், அந்த அம்மாள் பிறகு செய்ததெல்லாம் அடியில் போய்விடும்.

பிறகு செய்தது என்ன? சுவார்ச்சு வந்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்தது 1785-இல். இடையில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் ஊரில் ஐயர், அதாவது போதகர், இல்லை. ஆனால் சபை இருந்தது. 1780-ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன, 13 சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஒரே தெருவில் நடக்க முடியாதவர்கள் ஒரே ஏட்டில் வந்துவிட்டார்கள். ஏட்டில் வந்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சண்டை அதற்குப் பிறகும் நூறு வருஷம் ஓடியது.

கோட்டைப் பகுதியில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோயில் கட்ட முன்நின்றவர் குளோரிந்தா. ஆங்கிலேய அதிகாரிகளும் உதவினார்கள். 1785-இல் சுவார்ச்சு வந்து பிரதிஷ்டை செய்தார். கட்டிடம் எழும்பிய பிறகு வந்து ஜெபம் செய்தவரை ‘நிறுவியவர்’ என்பது, கல்யாணத்துக்கு வந்த தாய்மாமனைப் பெண்ணைப் பெற்றவர் என்பது போல. அதே பயணத்தில் சுவார்ச்சு ஒரு சிறுவனைப் படிக்கவைக்கத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். சபையில் சேர்ந்திருந்த தேவசகாயம் என்ற புலவரின் மகன். பின்னாளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். நாம் இன்றும் பாடும் எத்தனையோ கீர்த்தனைகளுக்குச் சொந்தக்காரர். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

இன்னொருவரை மறந்துவிடாதீர்கள்: சத்தியநாதன். தஞ்சையிலிருந்து உபதேசியாராக (போதகருக்கு உதவியாளராக) அனுப்பப்பட்டவர். 1790-இல் தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். சம்பளம் கொடுத்தது லண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கம், பட்டம் கொடுத்ததோ ஜெர்மன் லுத்தரன் முறைப்படி. அன்று யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் பெரிதுபடுத்தினார்கள். அவர் அன்று தமிழில் செய்த பிரசங்கத்தை ஆங்கிலமாக்கி 1792-இல் லண்டனில் அச்சிட்டார்கள்.

சபை கோட்டையைவிட்டுத் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போனது உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தால். ஊர்களில் வேதக்காரர்களுக்கு (கிறிஸ்தவர்களுக்கு) அடி விழுந்துகொண்டிருந்த காலம். ஒதுங்கி வாழ நிலம் வாங்கி 1799-இல் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். முதல் ஊர் என்பதால் முதலூர். (இன்று அந்தப் பெயரைச் சொன்னால் முந்திக்கொண்டு வருவது மஸ்கோத் அல்வாதான். சுந்தரானந்தம் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.) 1802, 1803-இல் சத்தியநாதனும் ஜெர்மானிய மிஷனரி கெரிக்கே ஐயரும் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதன்பின் ஆளில்லாமல் மங்கிக் கிடந்தது. 1816-இல் ஹாவ் என்ற படைக் குரு வந்து தூசி தட்டினார், 1820-இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் வந்தார். அவர் காலத்தில் கட்டிய, ஊசிக்கோபுரம் என்று சொல்லும் கோயில்தான் இன்று எல்லார் கண்ணிலும் படுகிறது. அதனால் பாளையங்கோட்டை என்றதும் ரேனியஸ் பெயரே வாயில் வருகிறது. 1780 ஏடு அவர் வருகைக்கு 40 வருஷம் மூத்தது.

‘நிறுவியவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த 40 பேரிலிருந்து கட்டுரையை ஆரம்பித்துப் பாருங்கள். பெரியவரைச் சமாளிக்க ஒரு வழி: “சிதைக் கதையை விட்டுவிட்டேன், ஆனால் தலைப்பு ‘பாப்பாத்தியம்மா கோயில்’தான்” என்று சொல்லுங்கள். மலர் வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அழைத்தாலும் வருகிறேன்.