கடலோர ஊரில் நிற்கும் பழைய காரின் டயரையும் சக்கரத்தையும் எப்படிப் பராமரிப்பது?

புதுச்சேரி வீட்டில் அப்பாவின் பழைய கார் நிற்கிறது, வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை, டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) தேயாமல் அப்படியே இருக்கிறது, மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பட்டனை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓடாத காரில் டயர் தேய்வதில்லை, வயதாகித்தான் கெடுகிறது. நம் ஊர் உப்புக்காற்றில் அதைவிடச் சீக்கிரம் கெடுவது உள்ளே இருக்கும் டிஸ்க், அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்.

என்னிடம் இருப்பது 1984 மார்க் 4 அம்பாசிடர். முத்தியால்பேட்டையில் வீடு, கடல் நடக்கும் தூரம். சில வருடங்களுக்கு முன் இடது பின் சக்கரம் மட்டும் அடிக்கடி பஞ்சரானது. டயரை எவ்வளவு தடவினாலும் ஆணி இல்லை, முள் இல்லை. மூன்றாவது முறை பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, குமிழி வந்த இடத்தை என் விரலால் தொட வைத்தார். ஓட்டை டயரைப் பார்த்த பக்கம் இல்லை, டிஸ்க்கைப் பார்த்த பக்கம். "தம்பி, ஆணி ரோட்டுல இல்ல, ஒங்க டிஸ்க்குலதான் இருக்கு" என்றார். உள்ளே பார்த்தால் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. ஒவ்வொரு பொருக்கும் டியூபை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதனால் முதல் வேலையாக ஐந்து சக்கரத்தையும் கழற்றி, டயரைப் பிரித்து, டிஸ்க்கின் உட்பக்கத்தைப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். டயர் உட்காரும் விளிம்பில் பெயின்ட் தடிப்பாக இருக்கக் கூடாது. துரு தகட்டை அரித்துக் குழி விழுந்திருந்தாலோ, நட்டு உட்காரும் ஓட்டையைச் சுற்றிக் கீறல் இருந்தாலோ அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். வெல்டிங் வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. டியூபை மாட்டும்போது கொஞ்சம் டால்க் பவுடர் தூவச் சொல்லுங்கள், ஒட்டாமல் மடியாமல் உட்காரும்.

அடுத்து வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கம் பாருங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். ஆறு வருடம் தாண்டினால் வருடா வருடம் சோதிக்க வேண்டும். பத்து வருடம் தாண்டினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். பக்கவாட்டை விரலால் அழுத்தும்போது முடி முடியாக வெடிப்பு விரிந்தால் பத்து வருடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நிற்கும் டயர் ஏன் சீக்கிரம் வெடிக்கிறது என்று பலருக்கும் புரிவதில்லை. ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். சக்கரம் உருளும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும், அந்த மெழுகு மேலே கசிந்து வந்து காற்றிலிருந்து காக்கும். காரை அசைக்காமல் போட்டால் அது வெளியே வருவதே இல்லை. ஆகவே வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். நான் ஞாயிறு விடியற்காலையில் காலாப்பட்டு வரை போய்த் திரும்புவேன். பளபளக்கும் டயர் பாலிஷ் வேண்டாம், பல பாலிஷ்கள் அந்த மெழுகைக் கரைத்துவிடும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவினால் போதும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகும். பின்னால் ஆக்ஸிலுக்கு அடியில் கொடுங்கள், பாடிக்குக் கொடுத்தால் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும்.

அம்பாசிடருக்குப் பழைய அளவு 5.90-15. இப்போதைய கார்களில் வரும் ரேடியல் வகை டயருக்கு மாறினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய நைலான் டயர் என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

அப்புறம், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் உங்கள் கார் தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால் முன் சக்கர பேரிங்கைத் திறந்து பாருங்கள். எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு நான் திறந்தபோது கிரீஸ் மோர்க்குழம்பு மாதிரி வெளுத்திருந்தது. முழுவதும் கழுவிப் புது கிரீஸ் வைத்து, கிரீஸ் சீல்களையும் மாற்றினேன். அப்படியே விட்டிருந்தால் பேரிங் ஊளையிட ஆரம்பித்திருக்கும்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். வெயில் படாமல் டிக்கியில் கிடந்ததால் என்னுடையது புத்தம் புதிதாகத் தெரிந்தது. டார்ச் அடித்துப் பக்கவாட்டு எண்ணைப் பார்த்தேன், மூன்றே இலக்கம்.