தாயத்து இருக்கட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. 15 வயதில் காக்காய் வலிப்பு வந்தது. சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறாள். ஒன்றரை வருடமாக வலிப்பு வரவில்லை. முன்பெல்லாம் அமாவாசையை ஒட்டித்தான் வரும். குலதெய்வக் குத்தம் என்று என் மாமியார் சொல்லி, மந்திரித்துத் தாயத்து கட்டினோம். இப்போது ஒரு வைத்தியர் பொடி தருகிறார். இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்தியம் இருக்கச் சொல்கிறார். வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லாமல் இருக்கலாமா?

பதில்: அம்மா, இன்று ராத்திரி போட வேண்டிய மாத்திரையை மகள் போடட்டும். மற்றதை அப்புறம் பேசலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வலிப்பு திரும்பி வரும். சில பேருக்கு ஒரு வலிப்பு முடிந்து நினைவு வருவதற்குள் அடுத்தது வந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தாயத்தைக் கழற்றச் சொல்ல மாட்டேன். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் போய் வாருங்கள். என்னிடம் வரும் பாதிப் பேர் கையில் கறுப்புக் கயிறு இருக்கும், பையில் மாத்திரை அட்டையும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. ஆனால், "இதை நிறுத்தினால்தான் அது பலிக்கும்" என்று யார் சொன்னாலும், அந்த இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். பேர் எழுதாத வலிப்புப் பொடிகள் சிலவற்றைச் சோதித்தபோது, உள்ளே பீனோபார்பிட்டோன் இருந்தது தெரியவந்திருக்கிறது. அதுவும் இங்கிலீஷ் வலிப்பு மருந்துதான், அளவு தெரியாமல் கலந்தது. பொடி தீர்ந்த நாளில் வலிப்பு திரும்பும்; பத்தியம் தவறியதுதான் காரணம் என்று பழி உங்கள் மகள் மேல் விழும்.

அமாவாசைக்கு வருகிறது என்பதை நான் தள்ளிவிட மாட்டேன். நீங்கள் கூட இருந்து பார்த்தவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள், மாதவிலக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. சில பெண்களுக்கு ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் மாதவிலக்கை ஒட்டி வலிப்பு கூடும். அதோடு, அமாவாசை விரதம் என்று பட்டினி கிடந்து, வெறும் வயிற்றில் வேண்டாம் என்று மாத்திரையை விட்ட நாள் உண்டா என்றும் யோசித்துப் பாருங்கள். பழைய காலண்டர்கள் கிடைத்தால் வலிப்பு வந்த தேதிகளையும் மாதவிலக்குத் தேதிகளையும் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அதை வைத்து மருந்தைச் சரிசெய்ய முடியும்.

கையில் இரும்புச் சாவி கொடுப்பதும் இதே மாதிரிதான். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். ஒருவர் கத்தி, இன்னொருவர் ஓடி, பீரோ சாவிக்கொத்தைத் தேடிக் கொண்டுவந்து கையில் திணிக்க அந்த ஒன்றிரண்டு நிமிடம் ஆகிவிடும். பார்த்தவர்கள் கண்ணுக்குச் சாவிதான் நிறுத்தியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சாவி தேடி ஓடுகிறவர் அந்த நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்காது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இது மூளை நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென்று கட்டுமீறுவதால் வருவது. யார் செய்த குத்தமும் இதில் இல்லை, உங்களுடையதும் இல்லை. சரியான மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும்.

இனி கல்யாணம். மறைக்காதீர்கள் அம்மா. மறைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்துப் பார்த்து நொந்திருக்கிறேன். கல்யாணமான மூன்றாம் வாரம் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி தூக்கமில்லை, சடங்கு என்று சாப்பாடும் நேரத்துக்கு இல்லை. மாமியார் வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அட்டையைப் பிரித்து, பவுடர் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள். எல்லோரும் தூங்கினால்தான் எடுக்க முடியும். பல நாள் முடியவில்லை. அடுப்பங்கரையில் விழுந்து முழங்கை வெந்திருந்தது. மாத்திரையைத் தலைமாட்டில் தைரியமாக வைத்துக்கொள்ளக்கூடிய வீடுதான் உங்கள் பெண்ணுக்கு வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1999 வரை, திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்று இருந்தது. அந்த ஆண்டு அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். சட்டமே தடையில்லை என்று ஒப்புக்கொண்டதை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? பூ வைப்பதற்கு முன்பே மாப்பிள்ளையிடமும் அவர் பெற்றோரிடமும் சொல்லுங்கள். வேண்டுமானால் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இரண்டொரு வரன் தட்டிப்போகலாம். அது வலிக்கும், தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, இதுதான் அவசரம். வால்ப்ரோயேட் எடுக்கும்போது கர்ப்பமானால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று. மூளை வளர்ச்சியும் பாதிக்கலாம். அதனால் நிச்சயதார்த்தம் வரை காத்திருக்காமல் இந்த மாதமே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். லெவிடிரசிட்டம், லமோட்ரிஜின் போன்றவை கர்ப்ப காலத்தில் இதைவிடப் பாதுகாப்பானவை. அதுவரை இப்போதைய மாத்திரையை நீங்களாகக் குறைக்கக் கூடாது. அவர் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்டுவார். போலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை பற்றியும் கேளுங்கள், அதைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள், தாய்ப்பாலும் கொடுக்கிறார்கள்.

போகும்போது அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்ட மாட்டார். மாமியாரையும் கூட்டிப்போங்கள். பேத்திக்காக இத்தனை கோவில் ஏறி இறங்கியவர், ராத்திரி மாத்திரை போட்டாளா என்று கேட்கும் வேலையை அவரிடமே கொடுக்கலாம்.