ஓடாத மோட்டாரை நிறுத்தப் போனவர்

கேள்வி: என் கணவருக்கு வரும் தை மாதம் 50 வயது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவரைச் சுற்றித்தான் கூட்டம். வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். ஸ்காட்லாந்து நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலியைப் பற்றி அவர் மனைவி பமீலா ஸ்டீபன்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு எனக்குக் கிடைத்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் நாள் ரசித்துக் கேட்டார். பில்லி அத்தைமார் வீட்டில் வளர்ந்த பகுதி வந்தபோது, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மோட்டார் ஓடவே இல்லை. இவருக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஞாபகம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து படித்தேன், தூக்கம் வருகிறது என்றார். இப்போது புத்தகத்தை எடுத்தாலே டி.வி.யைப் போட்டுவிடுகிறார். மனைவி எழுதிய புத்தகத்தை எவ்வளவு நம்பலாம்? கணவனின் அந்தரங்கத்தை ஊருக்குச் சொன்னது சரியா? அவருடைய பிறந்தநாளுக்கு நானும் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. அவரும் 7 வயதிலிருந்து அத்தை வீட்டில் வளர்ந்தவர்தான். அத்தை இன்னும் தெம்பாக இருக்கிறார். அடுத்த வாரம் போய் அவரிடம் பழைய கதைகளைக் கேட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மோட்டார் ஓடவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, இவருக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஞாபகம் என்று அதை மூடியும் வைத்துவிட்டீர்கள். அம்மா, தன் வீட்டு மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பது ஒரு மனிதருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே காதில் விழும். அவருக்கு அங்கிருந்து எழுந்து போக ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது மோட்டார். நீங்களோ மறுநாள் சரியாக அதே இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் கண்டிக்க வேண்டியது முதலில் இதைத்தான்.

அவர் எழுந்த இடம் எது என்று திரும்பப் பாருங்கள். பில்லி 1942 நவம்பரில் கிளாஸ்கோவின் ஆண்டர்ஸ்டன் பகுதியில் பிறந்தவர். போர்க்காலம், அப்பா ஊரில் இல்லை. பிள்ளைக்கு 4 வயது ஆகும் வாக்கில் அம்மா இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பாவுடன் பிறந்த மோனா, மார்கரெட் இருவரும் பையனையும் அவன் அக்கா ஃப்ளாரன்ஸையும் பார்ட்டிக் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். மோனா அடித்தார், எதற்கும் லாயக்கில்லாதவன் என்று மட்டம் தட்டிக்கொண்டே இருந்தார். போரிலிருந்து திரும்பிய அப்பாவும் அவர்களோடுதான் இருந்தார். பையனுக்கு 10 வயதானதிலிருந்து 15 வயது வரை அந்த அப்பாவே அவனைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்.

இதை இங்கிலீஷில் படிக்கிறவருக்கு ‘ஆன்ட்’ என்றால் பெரியம்மாவாகவும் இருக்கலாம், சித்தியாகவும் இருக்கலாம், மாமியாகவும் இருக்கலாம். நீங்கள் தமிழில் சொன்னீர்கள். அப்பாவின் கூடப் பிறந்தவர்கள் ஆகையால் ‘அத்தை’ என்று சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள். 7 வயதிலிருந்து அத்தை வீட்டில் வளர்ந்த ஒருவர், தட்டு கழுவிய கையோடு வந்து உட்கார்ந்து, தன் மனைவியின் குரலில், அத்தை அடித்தாள் அத்தை திட்டினாள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன நடந்தது என்று நான் ஊகிக்க மாட்டேன். அடியாக இருக்கலாம். அத்தை பிள்ளைகளுக்கு ஒரு தட்டும் இவருக்கு ஒரு தட்டும் என்று இருந்திருக்கலாம். அடி, திட்டு ஒன்றுமே இல்லாமல், அம்மா எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நினைப்பு மட்டுமாகவும் இருக்கலாம். நீங்களும் ஊகிக்காதீர்கள். ஊகித்ததை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கவும் பார்க்காதீர்கள், அது அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உறவில் ஒரு பிள்ளை நிர்க்கதியாக நின்றால் எடுத்து வளர்ப்பது குடும்பத்தின் கடமை. அதைச் செய்கிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் போட்ட சோற்றைக் கணக்குக் காட்டி அந்தப் பிள்ளையைச் சிறுமைப்படுத்த எந்த அத்தைக்கும் எந்தச் சித்தப்பாவுக்கும் உரிமை கிடையாது. ‘வளர்த்தவங்களாச்சே, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா’ என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் எத்தனையோ பேரை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறோம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கணவனோ மனைவியோ எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் திறந்தால் முதல் அத்தியாயத்துக்குப் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் எப்போது சந்தித்தார்கள், எப்போது மணந்தார்கள், புத்தகம் எப்போது வந்தது, அதில் குற்றம் சாட்டப்படுகிறவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்களா. பில்லியும் பமீலாவும் பழகியது 1979 வாக்கில், மணந்தது 1989 டிசம்பரில், புத்தகம் வந்தது 2001ல். அப்படியானால் பில்லியின் முதல் 36 வருடங்களில் ஒரு நாளைக்கூட இந்த மனைவி கண்ணால் பார்த்ததில்லை. கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தது, ஹம்பிள்பம்ஸ் இசைக்குழுவில் பாடியது, 1975ல் மைக்கேல் பார்க்கின்சனின் பேட்டி நிகழ்ச்சியில் வந்து பிரிட்டன் முழுக்கப் பெயர் வாங்கியது, இதற்கெல்லாம் வேறு சாட்சிகள் உண்டு. பார்ட்டிக் வீட்டுக்குள் நடந்ததற்கு அந்த வீட்டில் இருந்தவர்களைத் தவிர யார் சாட்சி? அதனால் அது பொய் என்று நான் சொல்லவில்லை. நான் நம்புகிறேன். ஆனால் கண்டதையும் கேட்டதையும் ஒரே நிறத்தில் படிக்கக் கூடாது. பென்சிலால் ஓரத்தில் ‘க’, ‘கே’ என்று போட்டுக்கொண்டே போங்கள். 50 பக்கம் போவதற்குள் கை தானாகப் பழகிவிடும்.

அடுத்தது நன்றிப் பக்கம். யார் யாரிடம் பேசி எழுதினார் என்று அங்கே தெரியும். பிறகு முதல் மனைவி. ஐரிஸ் என்பவரை 1969ல் பில்லி மணந்தார், இரண்டு பிள்ளைகள், 1985ல் விவாகரத்து. புத்தகம் எழுதியவர் இரண்டாவது மனைவி. ஐரிஸ் வரும் பக்கங்களில் அவர் தானே பேசுகிறாரா, பிறர் வாயிலாக மட்டும் வருகிறாரா என்று கவனித்துப் படியுங்கள். இரண்டாம் தாரம் எழுதும் எந்த வரலாற்றிலும் அதிகம் தள்ளாடுவது இந்த இடம்தான். கெட்ட எண்ணமே இல்லாதவர் எழுதினாலும் தள்ளாடும்.

நகைச்சுவைக் கலைஞர்களின் வரலாற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜ் பர்ன்ஸ் தன் மனைவி கிரேசி ஆலனைப் பற்றி 1988ல் புத்தகம் எழுதினார். கிரேசி 1964லேயே இறந்துவிட்டார், மறுத்துப் பேச ஆள் இல்லை. ஜார்ஜ் ஒரு முறை தான் மனைவிக்குத் துரோகம் செய்ததையும், குற்ற உணர்ச்சியில் கிரேசி முன்பு ஆசைப்பட்டுக் கேட்ட வெள்ளி மேஜை அலங்காரத்தையும் ஒரு வைர மோதிரத்தையும் வாங்கிக் கொடுத்ததையும் சொல்லியிருக்கிறார். கிரேசி அப்போது ஒன்றும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான ஜாக் பென்னியின் மனைவி மேரியிடம், ஜார்ஜ் இன்னொரு தரம் தப்பு செய்தால் தேவலை, எனக்கு இன்னொரு மேஜை அலங்காரம் வேண்டியிருக்கிறது என்றாராம். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நீங்கள் நிறுத்துங்கள். இந்தத் தம்பதியர் மேடையேறிய புதிதில் சிரிப்பு வரிகள் ஜார்ஜிடம்தான் இருந்தன. கிரேசியின் சாதாரண வரிகளுக்கே கூட்டம் சிரித்ததைப் பார்த்து, வரிகளையெல்லாம் அவருக்கு மாற்றிக் கொடுத்தவரும் ஜார்ஜ்தான். மேடையில் மனைவிக்கு வசனம் அமைத்தவரே புத்தகத்திலும் மனைவியின் வசனத்தை எழுதுகிறார். மோதிரம் வந்த அந்த ராத்திரி கிரேசி அழுதாரா, தூங்கினாரா என்று அங்கே ஒரு வரியும் நமக்குக் கிடைக்காது. ஒரு காட்சி சிரிப்போடு கச்சிதமாக முடிந்தால், அந்தச் சிரிப்புக்கு முந்தைய நிமிடம் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கல்யாண வீட்டில் சொல்லும் கதைகளுக்கும் இது பொருந்தும்.

1926 ஜனவரியில் மணந்து 38 வருடம் கூடவே வாழ்ந்த ஜார்ஜுக்குக் கிரேசி பிறந்த வருடம் திட்டமாகத் தெரியாது. கல்லறைக் கல்லில் 1902 என்று இருக்கிறது. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கிரேசியின் பெயர் இருக்கிறது. கூடவே வாழ்ந்தவருக்கும் கல்யாணத்துக்கு முந்தையது கேள்விப்பட்டதுதான்.

பமீலா எழுதியது சரியா? சரி என்கிறேன். பில்லி தானாகச் சொன்னார். எழுத ஒப்புக்கொண்டார். குற்றம் செய்த அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். எழுதிய மனைவி மேடை நடிப்பை விட்டு உளவியல் படித்துத் தேறியவர், இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கப் பயிற்சி உள்ளவர். இவ்வளவும் இருந்தும், பில்லி தன் கதையைத் தானே உட்கார்ந்து எழுதி வெளியிட்டது 2021ல்தான். மனைவியின் புத்தகம் வந்து 20 வருடம் கழித்து. உங்கள் வீட்டில் இதில் எது இருக்கிறது? அவர் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவும் இல்லை, அதற்குள் அச்சகம் வரை போய்விட்டீர்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவே கூடாது என்று நீங்கள் நினைக்கலாம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாலி கட்டிய நாளுக்கு முந்தைய வருடங்கள் அவருடையவை. அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் மற்றப் புத்தகங்களோடு வையுங்கள். ஒளித்து வைக்க வேண்டாம், அவர் தனியாக எடுத்துப் படிக்க நினைக்கலாம். நீங்கள் மிச்சத்தைப் பகலில், அவர் இல்லாத நேரத்தில் படித்து முடியுங்கள். ஒரே ஒரு தடவை அவரிடம், “அந்தப் புத்தகத்தை இனிமே சத்தமாப் படிக்க மாட்டேங்க, உங்களை உக்கார வச்சுப் படிச்சது என் தப்பு” என்று சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டாம். வண்டியில் பின்னால் போகும்போதோ காய் நறுக்கிக்கொண்டோ சொல்லுங்கள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். இத்தனை வருடம் சிரிப்பை வைத்தே காலம் தள்ளிய மனிதர், உடனே ஒரு வேடிக்கை சொல்வார். அதற்குச் சிரியுங்கள்.

என்றைக்காவது அவர் ஆரம்பித்தால் மிக்ஸியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். “ஏன் இத்தனை வருஷமா சொல்லலை” என்ற கேள்வி வரவே கூடாது. பழசை மறந்துடுங்க என்றும் வேண்டாம். அவருக்கு முன்னால் நீங்கள் அழ ஆரம்பித்தால், அவர் தன் கதையை நிறுத்திவிட்டு உங்களைத் தேற்ற வேண்டிவரும். அவர் சொன்னது உங்கள் அம்மாவிடமோ தங்கையிடமோ போகக் கூடாது, ஒரு வார்த்தைகூட. தூக்கம் கெட்டாலோ குடி சேர்ந்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

பிறந்தநாள் புத்தகத்தைக் கைவிட வேண்டாம். கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்து, நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்துக்கு 200 சொல், 40 பக்கம், 10 படம், அது போதும். அவருடைய வேடிக்கைப் பேச்சை நினைவிலிருந்து எழுதினால் சப்பென்று போய்விடும், ஏனென்றால் எழுதுகிறபோது நாம் அதைத் திருத்திவிடுகிறோம், விளக்கமும் சேர்த்துவிடுகிறோம். அவரிடம் சொல்லிவிட்டு, நாலைந்து விசேஷங்களில் செல்போனில் பதிவு செய்து, அவர் வாயில் வந்தபடியே, ஊர்ப் பேச்சு மாறாமல் எழுதுங்கள். யாரிடம் சொன்னார், எங்கே நிறுத்தினார், யார் முதலில் சிரித்தார் என்பதும் வர வேண்டும். எழுதி முடித்த ஒரே பிரதியை, தைக்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு சிவப்புப் பேனாவோடு அவர் கையில் கொடுங்கள். அவர் அடித்த வரி அடித்த வரிதான், ஏன் என்று கேட்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றால், அந்த ஒரே பிரதி வீட்டில் இருக்கட்டும்.

அத்தை வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கே போய் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், அவர் உங்களிடம் ஏதோ சொல்லிவிட்டார் என்று அத்தையை நினைக்க வைக்கும். அவர் பிடிவாதமாக வாய் மூடி வைத்திருந்ததை, அவர் இல்லாத இடத்தில் அந்த வீட்டின் பக்கமிருந்து மட்டும் கேட்டு, அதையே அச்சிலும் ஏற்றப் பார்க்கிறீர்கள். இன்றைக்கே அத்தைக்குப் போன் செய்து, அடுத்த வாரம் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால், வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றால் போதும்.