பிஸ்கட் டப்பாவில் விழுந்த கேள்விகள்

முப்பது வருடம் கடலூர்ப் பக்கத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தின் போன மாதக் கூட்டத்தில் "அதிகம் பேர் கை படாத புத்தகங்கள்" என்று தலைப்பு வைத்து, கேள்விகளைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னார்கள். நேரம் போதவில்லை, பாதிக்குத்தான் பதில் சொன்னேன். மீதியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் பத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். எப்படித்தான் சார் படிப்பது? (லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி)

முதல் தொகுதியில் தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். 1736இல் ஆரம்பித்து 1761 வரை ஒரு மனிதர் எழுதியதை வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று சட்டமில்லை அம்மா. நேராக 1748க்குப் போங்கள். ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி பொஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிடுகிறார். சென்னையை பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்த ஆங்கிலேயருக்கு அப்போது தலைமையிடம் நம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை. இன்றைக்குப் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் இரண்டு ஊர்கள்தான் அன்றைக்கு ஒன்றையொன்று பீரங்கியால் பார்த்துக்கொண்டன.

பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். அந்த முற்றுகை நேரத்தில்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்படுகிறது. இடிக்கச் சொன்ன இடத்தில் வேலை, இடிபடுவது சொந்த ஊர்க் கோயில். அந்த நிலையில் இருக்கிற ஒருவர் ராத்திரி உட்கார்ந்து என்ன எழுதுவார் என்று பார்க்கத்தான் நாட்குறிப்பு. அக்டோபரில் மழை பிடித்துக்கொள்கிறது, ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டுகிறார்கள். இந்த மூன்று மாதத்தைப் படித்துவிட்டால் அவர் குரல் பழகிவிடும். அப்புறம் கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது என்பதெல்லாம்கூட ருசிக்கும். ஒரு உபாயம்: வாய்விட்டுப் படியுங்கள். பேச்சு மாதிரியே ஓடுகிற தமிழ் அது, கண்ணுக்கு முரண்டு பிடிக்கும், காதுக்கு முரண்டு பிடிக்காது.

ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்னால், 1761 ஜனவரியில், அவர் இறந்துபோனார். அந்தக் கடைசிப் பகுதியைக் கடைசிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிடித்தால் அடுத்தது 'இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பு'. 1778 முதல் 1792 வரை. பிரெஞ்சுப் புரட்சி நடக்கிற வருடங்களில் புதுச்சேரித் தெருவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் இதை விடக்கூடாது. என் சர்வீஸில் இதைக் கேட்டு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் முடித்தாயிற்று. அதே ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துக் கதை வேறு உண்டா? (முதலியார்பேட்டை)

நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்'. இங்கிருந்து மொரீஷியஸ் தீவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் கதை. அந்த இரண்டு நாவல்களும் கோட்டைக்குள்ளிருந்து பார்க்கின்றன என்றால் இது கப்பலின் அடித்தட்டிலிருந்து பார்க்கிறது.

அண்ணே, நான் பஸ் ஓட்டுகிறவன். எங்கள் பிழைப்பை யாராவது எழுதியிருக்கிறார்களா? (விருத்தாசலம்)

உங்கள் ஊர்க்காரரே எழுதியிருக்கிறார் தம்பி. கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை'. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர் என்பதால் டெப்போவின் கிரீஸ் வாசனை வரும். நிரந்தரம் ஆகாத டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்குகள்தான் ஆட்கள்.

அவருடைய இன்னொரு புத்தகத்தைத்தான் நான் அதிகம் பேருக்குச் சொல்வேன்: 'நடுநாட்டுச் சொல்லகராதி'. நடுநாடு என்றால் நம் கடலூர், விருத்தாசலம் பக்கம்தான். அகராதியைப் போய் யார் படிப்பார் என்று சிரிக்காதீர்கள். சென்னைக்காரரிடம் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறத்தைப் பார்ப்பார், நமக்கு அது முந்திரி நிற்கிற காடு. வேர்க்கடலை என்று நான் சொன்னால் என் அம்மா, "யாருடா அது, மல்லாட்டைன்னு சொல்லு" என்பாள். மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆன கதைக்குள் கடல் தாண்டி வந்த ஒரு பயிரின் வரலாறே இருக்கிறது. இந்த மாதிரிச் சொற்களை ஒரே அட்டைக்குள் பார்த்தபோது சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்த மாதிரி இருந்தது. இதற்கு முன்னோடி கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார அகராதி. அவரும் கடைசி முப்பது வருடம் புதுச்சேரிக்காரர்தான்.

அதிகம் பேர் படிக்கவில்லை என்றால் நன்றாக இல்லை என்றுதானே அர்த்தம்? (வில்லியனூர்)

பல சமயம் அதுதான் அர்த்தம். தூசு தட்டி எடுத்ததெல்லாம் ரத்தினம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு முறை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் சுயசரிதையை, யாருமே எடுக்கவில்லையே என்ற பரிதாபத்தில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நூறு பக்கம் வரை மாறுதல் உத்தரவுகள், அதற்குப் பிறகு மாலை மரியாதைகள்.

ஆனால் தப்பான தட்டில் மாட்டிக்கொண்டு செத்துப்போகிற புத்தகங்களும் உண்டு. மா. கிருஷ்ணன் என்றால் காட்டுயிர் எழுத்தாளர், அ. மாதவையாவின் மகன் என்று தெரியும். அவர் தமிழில் ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருக்கிறார். பெயர், 'கதிரேசன் செட்டியாரின் காதல்'. தலைப்பைப் பார்த்துவிட்டு யாரோ அதைக் குடும்ப நாவல்களுக்கு நடுவில் செருகி வைத்திருந்தார்கள். புத்தகத்தில் ஒட்டியிருந்த தேதித்தாளில் மூன்றே முத்திரை, அதில் இரண்டு என்னுடையது. துப்பறியும் கதை கேட்டிருந்த நெல்லித்தோப்புக்காரருக்கும் இதே பதில்தான்.

பழைய பெண் எழுத்தாளர்களில் பாடப்புத்தகத்துக்கு வராத யாரையாவது சொல்லுங்கள். (மஞ்சக்குப்பம், ஆசிரியை)

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்', 1936. தேவதாசி முறைக்குள்ளேயே வளர்ந்து, அதை ஒழிக்க மேடை ஏறியவர். நாவலாகப் பார்த்தால் தொளதொள என்றுதான் இருக்கும், பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்வார்கள். ஆனால் அந்த வீடுகளின் கணக்குவழக்கும் தந்திரமும் வெளியாள் எழுதியிருந்தால் வந்திருக்காது.

அடுத்தது நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா', 1938. உ.வே.சா. முன்னுரை கொடுத்திருக்கிறார். நடையில் ஒரு மிடுக்கு உண்டு, எனக்கு அதற்காகவே பிடிக்கும்.

நாடகம் பற்றி ஏதாவது? தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். (கருவடிக்குப்பம்)

உங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அடக்கமாகியிருக்கிறார், 1922இல். அவரிடம் சிறுவனாகப் போய்ச் சேர்ந்த அவ்வை தி.க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைத் தேடிப் பிடியுங்கள். சுவாமிகள் ஒரே ராத்திரியில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்த கதையை அவர் சொல்லும் இடத்தை உங்கள் தாத்தா இருந்திருந்தால் மனப்பாடமாகச் சொல்லியிருப்பார்.

ஆறாம் வகுப்புப் பையன். போனைத் தவிர எதையும் தொடுவதில்லை. (அரியாங்குப்பம்)

போனைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திணித்தால் அதன் மேல்தான் கோபம் வரும். கடலூரில் இருக்கிற இரா. நடராசனின் 'ஆயிஷா'வைக் கொடுங்கள். ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரு பெண்ணின் கதை. ஒரே உட்காரலில் முடிந்துவிடும், ஆனால் முடிவு மனதைக் கனக்கச் செய்யும், நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். வீட்டில் சின்னதுகள் இருந்தால் ம. இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' பாடல்கள். புதுச்சேரியில் வாத்தியாராக இருந்தவர்.

தினமும் பஸ்ஸில் படிக்கிற மாதிரி, குட்டி குட்டியாக. (கடலூர் ஓ.டி.)

பாரதியின் 'தராசு'. கவிதை இல்லை, உரைநடை. ஒரு கடை, அதில் ஒரு தராசு. வருகிறவர்கள் கேட்பார்கள், தராசு பதில் சொல்லும். நம் பிஸ்கட் டப்பாவுக்கு நூறு வருடம் மூத்தது. ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஒன்று முடிந்துவிடும்.

மழையில் ஒரு பெட்டிப் புத்தகம் நனைந்துவிட்டது. வெயிலில் போடலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

கூடாது. வெயிலில் அட்டை வளைந்து தாள் முறுக்கிக்கொள்ளும். நிழலில் நிமிர்த்தி நிறுத்தி, லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, ஈரம் இழுத்ததும் மாற்றுங்கள். வழுவழுத் தாள் புத்தகம் என்றால் அதை முதலில் கவனியுங்கள், ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. 2011இல் வந்த 'தானே' புயலுக்குப் பிறகு ஒரு வாரம் இதே வேலையாக இருந்தேன்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? உங்களிடம் இரவல் கிடைக்குமா? (நிறையப் பேர்)

பழைய நூல்களில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. புதுச்சேரியில் இருப்பவர்கள் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு, காலையிலேயே போய்விட வேண்டும்.

இரவல், கொடுப்பேன். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் 'நீலக்கடல்' பிரதியை 2019இல் கூடப்பாக்கத்து நண்பர் ஒருவர் வாங்கிப்போனார். போன கூட்டத்தில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.