காமிக் கான் முடிந்த மறுநாள்: வடசென்னை பற்றி வந்த கேள்விகள்

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழா) நடந்ததிலிருந்து வெளியூர் ரசிகர்களின் கடிதங்கள் எனக்குக் கூடிவிட்டன. "வந்ததுதான் வந்தோம், ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாமே" என்று எழுதுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பாதிப் பேர் என்றைக்கு வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று எழுதுவதில்லை. இந்த மூன்றும் தெரியாமல் நான் என்ன சொன்னாலும் உங்களுக்குப் பயன்படாது. அடுத்த முறை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

சனி, ஞாயிறு காமிக் கான். திங்கள் இரவு ஒன்பதரைக்கு சென்ட்ரலில் ரயில். பகல் முழுவதும் வடசென்னைக்குத்தான். நான்கு பேர் வருகிறோம். எங்கே தொடங்குவது?
(கோயம்புத்தூர்)

இப்படிக் கேட்டால் பதில் சொல்வது சுலபம். காலையிலேயே அறையைக் காலி செய்து பைகளை சென்ட்ரல் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள், அதனால் பூட்டு எடுத்து வாருங்கள். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே ஹைகோர்ட். முதலில் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலைக் காலையில் முடித்துவிட வேண்டும். 1677-இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வணங்கியதாகச் சொல்வார்கள். பாரதியாரும் வந்து தொழுத சன்னதி.

பக்கத்திலேயே அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு நம் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. இப்போதுள்ள ஆர்மீனியன் சர்ச் 1772-இல் கட்டியது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. முற்றத்தில் நடக்கும்போது தரையைப் பார்த்து நடங்கள், காலடியில் இருப்பவை கல்லறைக் கற்கள். வெளியே வந்ததும் ஹைகோர்ட் கோபுரத்தை ரோட்டில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம். 1894 முதல் 1977 வரை ஊருக்குக் கலங்கரை விளக்கம் எரிந்தது அந்த உச்சியில்தான்.

பத்தரை, பதினொன்றுக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அடையாள அட்டை கட்டாயம் வேண்டும். உள்ளே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால், காவலர் "இங்கே படம் எடுக்காதே" என்றால் வாதாடாமல் போனை உள்ளே வையுங்கள். 1680-இன் செயின்ட் மேரீஸ் சர்ச்சைப் பாருங்கள். மியூசியத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி கண்ணாடிக்குள் இருக்கிறது. மற்ற எதையும் விட்டாலும் அதை விடாதீர்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை எத்தனை முறை எழுதினாலும் வெள்ளிக்கிழமை போய் நின்றுவிட்டு எனக்குப் புகார் எழுதுகிறார்கள்.

மதியச் சாப்பாடு மண்ணடியில். வெயில் இறங்கியதும் ராயபுரம் ரயில் நிலையம், சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், எட்டு மணிக்கு சென்ட்ரல். இதற்குமேல் ஒன்றும் சேர்க்காதீர்கள்.

ஆலந்தூரில் தங்குகிறோம். வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவில் எங்கே மாற வேண்டும்?
(நாகர்கோவில்)

எங்கேயும் மாற வேண்டாம். விம்கோ நகர் போகும் நீல வழித்தட ரயிலில் ஏறினால் நேராகப் போகும். பச்சை வழித்தடத்தில் ஏறினால் கோயம்பேடு சுற்றி சென்ட்ரலில் இறக்கிவிடும். பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

காமிக்ஸ் கதாபாத்திரம் மாதிரி வேடமிட்ட காஸ்பிளே உடையோடு மெட்ரோவில் போகலாமா? கையில் வாள் உண்டு.
(புதுச்சேரி)

உடை பற்றிப் பிரச்சினை இல்லை. வாளும் பொம்மைத் துப்பாக்கியும் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும். ஸ்கேனரில் தெரிவது அட்டையா இரும்பா என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருந்தால் உங்கள் நேரம்தான் போகும். அவற்றைப் பிரித்துக் கட்டி, ஆட்டோவிலோ காரிலோ கொண்டுபோங்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு அதே ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

பழைய தமிழ் காமிக்ஸ் சேகரிக்கிறேன். மூர் மார்க்கெட்டில் கிடைக்கும் என்று அப்பா சொல்கிறார். எந்த வழியாகப் போக வேண்டும்?
(விருதுநகர்)

அப்பா சொல்லும் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது தம்பி. 1900-இல் திறந்த செங்கல் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா, ராணுவ பூட்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைத்த இடம். அது நின்ற இடத்தில்தான் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் இன்றும் "மூர் மார்க்கெட்" என்றுதான் சொல்கிறார்கள். எரிந்த பிறகு வியாபாரிகளுக்கு ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் அல்லிக்குளத்தில் கடை ஒதுக்கினார்கள்.

அங்கே போய்த் தேடுங்கள். ஆனால் பட்டியலோடு போய் "இந்த நம்பர் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், கேட்டதுமே விலை ஏறிவிடும். கட்டோடு எடுத்துத் தரச் சொல்லி நிதானமாகப் புரட்டுங்கள். நடுப்பக்கத்தில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா, துருவேறி தாள் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிவகாசியில் அச்சான அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட் கை பட்டாலே உதிரும். கடைசி இரண்டு பக்கம் இல்லாத புத்தகத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதனால் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள். அப்பாவையும் கூட்டி வந்தால் நல்லது.

வடசென்னையில் பார்க்க வேண்டிய எல்லா இடங்களையும் சொல்லவும்.
(ஊர் எழுதவில்லை)

தேதி இல்லை, நேரம் இல்லை, யாரோடு வருகிறீர்கள் என்றும் இல்லை. இதற்குப் பதில் கிடையாது.

வடசென்னை என்றாலே ரவுடி ஏரியா என்கிறார்கள். சினிமாவில் வருகிற மாதிரி கேரம் கிளப், குத்துச்சண்டைக் கூடம், ஹவுசிங் போர்டு எல்லாம் ஒரு ரவுண்டு காட்ட உள்ளூர் ஆள் கிடைப்பாரா? பாதுகாப்புக்கு என்ன செய்வது?
(சேலம், நண்பர்கள் ஐந்து பேர்)

காட்ட ஆள் கிடைத்தாலும் போகாதீர்கள். இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது எனக்கு வருகிறது. அதனால் இந்த முறை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டையில். படிப்பு முடிந்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, எதிரே இருந்தவர் என் மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் முகவரியைப் பார்த்தார். "ஓ, அந்தப் பக்கமா" என்றார். கோப்பை மூடிவிட்டார். அந்த "அந்தப் பக்கமா"வைக் கேட்காதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள், பெண் பார்க்கப் போனாலும் கேட்பார்கள். இப்போது சுற்றுலாவுக்கு வருகிறவர்களும் அதையே பணம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்.

கேரம் என்றால் உங்களுக்குச் சினிமாச் சண்டை ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது காசிமா. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்து வந்தார். வியாசர்பாடியை "குட்டி பிரேசில்" என்பார்கள், அது கால்பந்துக்காக. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் மில் தொழிலாளர்களால். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கிய கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பூங்காவில் போய் அரைமணி நேரம் உட்காருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காமிக் கானுக்கு நீங்கள் வரும் காரின் பெட்ரோல் மணலியில் சுத்திகரித்ததாக இருக்கும். சென்னையில் ஏசி ஓடும் கரண்டில் ஒரு பங்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் பிறக்கிறது. புகையும் சாம்பலும் எண்ணூரோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவி, எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. ஊருக்கே உழைக்கிற பகுதி இது. வேடிக்கை பார்க்க வருகிற இடமாக இதை நினைக்காதீர்கள்.

காசிமேட்டில் ஒரு முறை கண்ணால் பார்த்தேன். ஒரு பாட்டி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் வெள்ளிப்பொட்டு மாதிரி செதில். ஒரு பையன் பெரிய கேமராவை அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நீட்டினான். அவர் மீனைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவன் அதையும் எடுத்தான். மீனைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வாடிக்கையாளர் அவனைத் திட்டி அனுப்பிய பிறகுதான் அந்த அம்மா மறுபடியும் மீனைத் தொட்டார்.

கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வீட்டு வாசல், குழாயடி, குழந்தைகள், இவற்றுக்கு நேராகக் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள். பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். தி.நகரில் பர்ஸைப் பார்த்துக்கொள்வது போல இங்கேயும் பார்த்துக்கொண்டால் போதும். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

காசிமேடு மீன் ஏலம் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? மே மாதம் வருகிறோம்.
(ஈரோடு)

மே மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சின்ன ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வரும், ஆனால் நீங்கள் கேட்கும் ஏலம் இருக்காது. மற்ற மாதங்களில் விடிவதற்கு முன்னால், நாலு, நாலரைக்கு வந்துவிட வேண்டும். மெட்ரோ அந்நேரத்தில் கிடையாது, ஆட்டோதான். ஞாயிற்றுக்கிழமை நிற்கக்கூட இடம் இருக்காது. தண்ணீரும் ஐஸும் ஓடும் தரை என்பதால் பழைய செருப்பு போடுங்கள். கூடை தூக்கி ஓடி வருகிறவருக்கு வழி விடுங்கள். அவர் தலையில் முப்பது, நாற்பது கிலோ இருக்கும், நின்று நிதானிக்க முடியாது. படம் பற்றி மேலே எழுதிவிட்டேன், அதைப் படியுங்கள்.

அத்தோ என்கிறார்களே, அது என்ன? சைவத்தில் கிடைக்குமா?
(தஞ்சாவூர்)

பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலம் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் சேர்த்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். அந்தப் பிசைதலில்தான் ருசியே இருக்கிறது. கூடவே வாழைத்தண்டு சூப் வரும். முட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அத்தோ சைவம்தான். சூப்பில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். முழுச் சைவம்தான் வேண்டுமென்றால் தங்கசாலைக்குப் போய் ஜிலேபியும் முறுக்கு சாண்ட்விச்சும் சாப்பிடலாம்.

மகன் காமிக் கானுக்குள் போய்விடுவான். எனக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது. அன்று நான் மட்டும் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்வர முடியுமா? வயது 64.
(கும்பகோணம்)

தாராளமாகப் போகலாம் அம்மா. ஆலந்தூர் வரை மகனை ஆட்டோவில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அங்கிருந்து நீல வழித்தடத்தில் முக்கால் மணி நேரம்தான், ஐம்பது ரூபாய்க்குள் ஆகும். "திருவொற்றியூர்" என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அங்கே இறங்கிவிடாதீர்கள். உங்களுக்குத் "திருவொற்றியூர் தேரடி"தான். லிஃப்ட் உண்டு. வடிவுடையம்மன் சன்னதியில் நின்று கும்பிடுங்கள். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் தரிசிக்க வேண்டுமென்றால் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும்தான். கடல் பக்கம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, நடக்காமல் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். நடை சாத்துவதற்குள் போய்ச் சேர, காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

ஞாயிறு காமிக் கான் மதியம் இரண்டுக்கு முடித்துவிட்டு, பழவேற்காடு போய்ப் பூநாரை பார்த்துவிட்டு, இரவு எட்டுக்கு எழும்பூரில் ரயில் பிடிக்க முடியுமா?
(திருச்சி)

முடியாது. நந்தம்பாக்கத்திலிருந்து எழுபது கிலோமீட்டருக்குமேல். இன்னொரு முறை அதற்கென்றே ஒரு நாள் எடுத்து வாருங்கள்.

ராயபுரம் ஸ்டேஷனில் அப்படி என்ன இருக்கிறது?
(வேலூர்)

1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. போன இடம் வாலாஜா ரோடு, உங்கள் ஊர்ப் பக்கம்தான்.